அலாய் சக்கரங்களுக்கு அமிலம் வேண்டாம்

வாகனக் கடன் பெற்றுக் கார் வாங்கும் நம் வாடிக்கையாளர்கள் பலர் அலாய் சக்கரங்களை விரும்புகின்றனர். அவற்றின் பொலிவைக் காப்பது அலுமினியக் கலவையின் மீதுள்ள மெல்லிய நிறமற்ற பூச்சே. பிரேக்கின் பெரும்பளு முன்புறம் விழுவதால், தேய்ந்த இரும்புத்துகள் முன் சக்கரங்களில் மிகுதியாகப் படிந்து கருக்கின்றது. கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றினால் கறை விரைவில் நீங்கும். பூச்சும் உடன் கெடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தை அரிக்கும்; காஸ்டிக் சோடாவும் அவ்வாறே. மோட்டார் காப்பீடு பொதுவாகத் தேய்மானத்திற்கு இழப்பீடு தருவதில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

வண்டி ஓடி நின்றவுடன் கழுவுதல் கூடாது. சூட்டில் திரவம் உலர்ந்து புதுக் கறையாகும். சக்கரம் நன்கு ஆறிய பின், நிழலில் நிறுத்தி, முதலில் நீர் பாய்ச்சி மணலை அகற்ற வேண்டும். பின்னர்க் கார் ஷாம்பு கரைத்த நீரில் நனைத்த மென்துணியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்து அலசலாம். அந்தத் துணியும் வாளியும் சக்கரத்திற்கு மட்டுமே. அதில் ஒட்டிய துகள் கதவின் வண்ணத்தைக் கீறிவிடும். கம்பி நாரைப் பாத்திரங்களுக்கே விட்டுவிடுவோம்.

கழுவிய பின் பிரேக் தட்டு ஈரமாக இருப்பதால் தொடக்கத்தில் அதன் பிடிப்பு குறையக்கூடும். சாலையில் ஏறுமுன் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்வோம்.