வியட்நாம் பற்றி அஜக்ஸில் பேசப்படுபவை

கனடாவின் அஜக்ஸில் நாலு ஈழத்தமிழர் கூடி ஊரின் எதிர்காலத்தைப் பேசினால் வியட்நாம் வராமல் போகாது. சப்பாத்திலும் ஐஸ் றால் பெட்டியிலும் அந்நாட்டின் பெயரைப் பார்த்துப் பழகியவர்கள். “சண்டை முடிஞ்ச கையோட எப்பிடி எழும்பிற்றாங்கள் பாருங்கோ” என்றுதான் பேச்சுத் தொடங்கும்.

கையோடு எழும்பவில்லை. போர் முடிந்தது 1975இல். பிறகு தெற்கு விவசாயிகள்மீதும் கூட்டுப்பண்ணை திணிக்கப்பட்டது. 1978 டிசம்பரில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்தது. இரண்டு மாதத்தில் சீனா வடக்கில் அடித்தது. அமெரிக்கத் தடை 1994 வரை நீடித்தது. சனம் படகேறியது, 1979–80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து 60,000 பேர் அகதிகளாகக் கனடாவுக்கு வந்தார்கள். 1986இல் பணவீக்கம் 700 வீதத்தைத் தாண்டியது. நெல் விளையும் நாடு அரிசி இறக்குமதி செய்தது. அந்த டிசம்பரில்தான் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் 6ஆவது மாநாடு ‘டொய் மொய்’ சீர்திருத்தத்தை அறிவித்தது. 1988இல் நிலம் குடும்பங்களின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே ஏறத்தாழ 14 இலட்சம் தொன் அரிசி ஏற்றுமதியானது. போர் முடிந்து 14 ஆண்டுகள்!

“சோவியத் விழுந்ததால்தான் மாறினார்கள்” என்பதும் பொருந்தாது. சோவியத் கலைந்தது 1991இல். வியட்நாமும் லாவோஸும் 1986லேயே திரும்பிவிட்டன. அதற்கும் முன்பே, கட்சிக்குத் தெரியாமல் கிராமங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் என்று பிரித்துப் பயிர்செய்தார்கள். 1981இல் கட்சி அதற்கு அரைமனதாய்த் தலையாட்டியது. என் கணிப்பில் சீர்திருத்தத்தின் பாதி அந்த விவசாயிகளுடையது.

சோசலிசத்தைக் கைகழுவினார்களா? வியட்நாமிலும் லாவோஸிலும் இன்றும் ஒரே கட்சிதான். கம்போடிய ஆளுங்கட்சி மட்டும் 1991இல் மார்க்சிய–லெனினியத்தை விட்டது.

ஆசியான் தூக்கிவிட்டது என்பது பாதி உண்மை. 1967இல் கம்யூனிச எதிர்ப்பு அரசுகள் ஐந்து தொடங்கிய அமைப்பு அது. 1989இல் கம்போடியாவிலிருந்து படை வெளியேறிய பிறகே கதவு திறந்தது. வியட்நாம் 1995இல் சேர்ந்தது, லாவோஸ் 1997இல். கூடவே சேரவிருந்த கம்போடியா, அந்த யூலையில் புனோம்பென்னில் வெடித்த மோதலால் 1999 வரை காத்திருந்தது. ஆனாலும் வியட்நாம் பொருட்களை அதிகம் வாங்குவது ஆசியான் அயலவர் அல்ல, அமெரிக்கா. கனடாவுடனும் 2019 முதல் பசிபிக் வர்த்தக உடன்பாடு உண்டு. கடல் இல்லாத லாவோஸுக்கு 2021இல் சீன ரயில் வந்தது. சீனக் கடனும் கழுத்தை நெரிக்கிறது.

“சந்தையைத் திறந்துவிட்டால் போதும்” என்போருக்கு இலங்கையே பதில். ஜே.ஆர். ஜெயவர்த்தன 1977இல், வியட்நாமுக்கு ஒன்பது ஆண்டு முந்தியே, திறந்துவிட்டார். இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரை விழுத்தின. 1983இல் போர் வந்தது. 2009இல் அது முடிந்தும் பலாலிக்கும் சென்னைக்கும் விமானம் பறக்கப் பத்தாண்டு எடுத்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்க 2023 ஒக்ரோபர் ஆனது.