சிங்கப்பூர் சம்பளம்: கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை இருக்கிறதாம். ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். தறியை விற்று அனுப்பலாமா?
– பட்டு நெசவாளர், சேவூர், ஆரணி

பதில்: தறியை விற்காதீர்கள். முதலில், எந்த பாஸ் (வேலை அனுமதி) என்று கேளுங்கள். 'எஸ் பாஸ்' என்றால், 2025 செப்டம்பர் முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் டாலர். 'ஒர்க் பெர்மிட்' என்றால் அப்படி எந்த வரம்பும் கிடையாது. படிப்புக்கேற்ற வேலை அமைவதும் கடினம்.

ஐ.பி.ஏ. (முதற்கட்ட ஒப்புதல்) கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். தங்குமிடம் கம்பெனி தருகிறதா? இல்லையென்றால் வாடகையே சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். சாப்பாடு, போன், போக்குவரத்தைக் கழித்து, ஓராண்டில் மிஞ்சுவதைக் கணக்கிடுங்கள். ஏஜென்ட் பணம் அதற்குள் அடைபடாவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் உங்கள் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

மகன் தாராளமாகப் போகட்டும். ஆனால் கடனாளியாகப் போக வேண்டாம்.