டைட்டானியமும் கத்தித் தொழிலும்

கத்தி ஒரு பொருளேயாயினும் அதன் உறுப்புகள் இயற்றும் தொழில்கள் வேறு வேறாம். வாய் அறுக்கின்றது, முதுகு தாங்குகின்றது, பிடி கைக்குள் அடங்குகின்றது. மடக்குக்கத்தியாயின், விரித்த அலகு விரல்மேல் மடங்கி வீழாவண்ணம் பூட்டு ஒன்று காவல் நிற்கின்றது. வேண்டுவோர் விருப்பிற்கேற்பத் தனித்தனியே கத்தி சமைக்கும் கைவினைஞர் அமெரிக்கா முதலிய நாடுகளில் டைட்டானியம் என்னும் உலோகத்தைப் பெரிதும் கையாளுகின்றனர். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அஃது எஃகினும் எல்லா வகையாலும் மேம்பட்டதென மயங்குவார் பலர். யானும் அங்ஙனம் மயங்கியவனே. எவ்வுறுப்புக்கு எக்கலப்பு என வினவாமல் பொருள் கொடுத்து வாங்குவோன் மழுங்கிய வாயையோ, வழுக்கும் பூட்டையோ பெறுவான்.

இவ்வுலோகம் உண்டென்பதை 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலே வில்லியம் கிரெகர் என்னும் போதகர், ஓடைக் கருமணலை ஆராய்ந்து கண்டனர். அவ்வினத்துக் கருமணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உண்டு. நிற்க.

டைட்டானியம் நீரினும் நாலரை மடங்கு எடையுடையது. எஃகோ ஏறக்குறைய எட்டு மடங்கு. கடல்நீரில் கிடப்பினும் அது துருப்பிடியாது. ஆயின் கடினத்தை அளக்கும் ராக்வெல் 'சி' அளவையில் நல்ல கத்தி எஃகு 58 முதல் 62 வரை நிற்க, டைட்டானியக் கலப்புகளுள் பெருவழக்கினதாகிய 'ஆறு-நான்கு' ஏறக்குறைய 36-இல் நின்றுவிடுகின்றது. எஃகினுள் கரி உண்டு; உலையிற் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தவுடன் அக்கரியே அதனை இறுகச் செய்கின்றது. டைட்டானியத்திற்கு அத்தகைய துணை இல்லை.

ஆறு-நான்கு என்பது நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்தது. கலப்பில்லாத இரண்டாந்தர டைட்டானியத்தினும் இஃது ஏறக்குறைய மும்மடங்கு வலியது. பிடிக்கு மேலே பதிக்கும் தகட்டிற்கு இரண்டாந்தரமே அமையும்; வளைப்பதற்கும் எளிது. பூட்டின் வில்லுக்கோ அஃது உதவாது. ஒருமுறை மிகுதியாக வளைந்தால் மீளாது. ஆறு-நான்கு மீளும், ஒரே விசைக்கு எஃகினும் ஏறத்தாழ இருமடங்கு வளைந்தும் மீளும். இப்பண்பைக் கண்டே கிறிஸ் ரீவ் என்பார் பிடியின் ஒருபுறத் தகட்டையே கீறி வில்லாக்கி, விரிந்த அலகின் அடியில் அது தானே வந்து பொருந்துமாறு பூட்டு அமைத்தனர். அக்கத்திக்குச் 'செபென்சா' என்று பெயர். ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருள்படும் சொல்லினின்று வந்ததாம்.

ஆயினும் ஒரு குறை. கடினமான எஃகோடு உராயும் டைட்டானியம் ஒட்டும், தேயும். நாளடைவில் வில் நுனி குறுகிப் பூட்டு மறுபுறம் நகர்கின்றது. விரல் பிழைப்பதும் இழப்பதும் அந்நுனியைப் பொறுத்தன. ஆதலின் அறிந்த தொழிலாளர் நுனியில் சிறு எஃகுத் துண்டு பதிக்கின்றனர். மின்னோட்டத்தால் தகட்டில் ஏற்றும் நீலமும் பொன்னிறமும் பார்க்க அழகியனவே. அவை சாயமல்ல, மெல்லிய படலத்தில் ஒளி விளையாடுவது. அவ்வழகைப் பேசுவோர் இந்நுனியைப் பேசாதது எனக்கு வியப்பு!

அலகையே டைட்டானியத்தாற் செய்ய விழைவோர்க்குப் 'பீட்டா' வகையே தக்கது. வனேடியம், குரோமியம், மாலிப்டினம் முதலியன மிகுதியாகச் சேர்ந்த இதனை முதலில் மென்மையாக்கி உருக்கொடுத்து, பின் ஏறக்குறைய 500 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால் கடினம் 40-ஐக் கடக்கும். அப்பொழுதும் எஃகின் கூரை எட்டாது. ஆயினும் காந்தம் பற்றாமையாலும் உப்பு அரியாமையாலும் கண்ணிவெடி அகற்றுவோர்க்கும் கடலில் மூழ்குவோர்க்கும் அதுவே ஏற்றது; பல்வெட்டிய வாயாயின் கயிற்றை நன்கு அறுக்கும். கடினம் 60 அளவிற் செல்லும் 'நிட்டினால் 60' என்பதொன்று உண்டே எனின், அதன் எடையில் நூற்றுக்கு 60 பங்கு நிக்கல். அதனை டைட்டானியக் கலப்பென்பது பெயரளவேயாம்.

தொழில் செய்ய முயல்வோர் ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். டைட்டானியத்தைச் சாணையில் அரைக்கையில் உதிரும் நுண்துகள் எளிதில் தீப்பற்றும். அத்தீயின்மேல் நீர் ஊற்றலாகாது. நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு எழுந்து தீயை வளர்க்கும். உலர்ந்த மணலை அருகில் வைத்துக்கொண்டே சாணையில் உட்கார வேண்டும்.