சுமையே மருந்து: குதிகால் தசைநாண் காயம் பற்றி ஒரு கடிதம்



கெண்டைக்காலின் இரு பெருந்தசைகளும் கீழே வர வர ஒடுங்கி, ஒன்றாகி, குதிகால் எலும்பின் பின்புறத்தைப் பற்றிக்கொள்ளும் நார்க்கட்டே அக்கிலிஸ் தசைநாண் எனப்படுகிறது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். உடலில் உள்ள தசைநாண்களுள் இதுவே மிகத் தடித்தது, மிக வலியது. ஓடுபவரின் ஒவ்வோர் அடியிலும் இது வில்லின் நாண்போல் இழுபட்டு ஆற்றலைச் சேர்த்து, பாதம் தரையை உந்தி எழும்போது அதைத் திருப்பித் தருகிறது. அவ்வேளையில் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு வரை விசை இதன்மீது விழுகிறது.

நீண்ட ஓய்வுக்குப் பின் திடீரென ஓடும் தொலைவைக் கூட்டுவதும், மேட்டு ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் ஒரே வாரத்தில் சேர்ப்பதும் இந்த நாரின் தாங்குதிறனை மீறிவிடுகின்றன. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பு தோன்றும். குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரையிலான பகுதியை இரு விரல்களால் அழுத்தினால் வலியும் தடிப்பும் தெரியும். முன்பு இதை அழற்சி என்றே கருதினர். ஆனால் நாட்பட்ட நோவில் அழற்சியைவிட, கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதே முதன்மையான மாற்றம் என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே வலி மாத்திரையும் பனிக்கட்டி ஒத்தடமும் நோவைத் தணிக்குமே தவிர, நாரைச் செப்பனிடா. முழு ஓய்வும் அவ்வாறே. வலி மறைந்தாலும் நாரின் வலிமை மேலும் குறைந்துவிடுவதால், மீண்டும் ஓடத் தொடங்கியதுமே பழைய நோவு திரும்புகிறது.

இதற்கு மாற்றாக, அளவறிந்து சுமை ஏற்றுவதே சிகிச்சை என்பதை ஸ்வீடனின் உமியோ நகரைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் உயர்ந்து, எடையை நோவுள்ள காலுக்கு மாற்றி, குதிகால் படியின் மட்டத்துக்குக் கீழே செல்லும் வரை மெதுவாக இறங்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடக்கி 15 முறை வீதம் 3 சுற்று என நாளுக்கு இருவேளையும் 12 வாரங்கள் இப்பயிற்சி நடந்தது. எளிதாகிவிட்டபோது முதுகுப்பையில் எடை சேர்க்கப்பட்டது. அதில் பங்கேற்ற 15 ஓட்டக்காரர்களும் மீண்டும் ஓடினர். ஆனால் வலி குதிகால் எலும்போடு நார் சேரும் இடத்திலேயே இருந்தால், படிக்குக் கீழே இறங்கும்போது நார் எலும்பின்மீது நசுங்குவதால், சமதரையில் செய்வதே தகும்.

பயிற்சியின்போது சிறிது வலி இருப்பது குற்றமன்று. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, அது 5ஐத் தாண்டாமலும் மறுநாள் காலைக்குள் அடங்கியும் இருந்தால் தொடரலாம். விறைப்பு நாளுக்கு நாள் கூடினால் சுமையைக் குறைக்க வேண்டும்.

நார் அறுந்துபோவது வேறு வகை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 12.91 விநாடியில் தங்கம் வென்ற சீனத்தின் லியூ சியாங், 2008இல் வலது குதிகால் தசைநாண் நோவால் போட்டியிலிருந்து விலகி, அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பினார். 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தபோது, அந்த நார் அறுந்தது. அறுபடும் கணத்தில் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலவே பலருக்குத் தோன்றும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசையும்போது பாதம் அசையாவிட்டால் நார் அறுந்திருக்கிறது என்று மருத்துவர் கொள்வர்.

தைப்பதா, குதிகால் உயர்த்திய காலணி அணிவித்து ஆறவிடுவதா என்பது நெடுங்கால விவாதம். 500க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இரு வழியினரின் நலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மீண்டும் அறுந்தோர் தைக்காதவர்களில் 6.2 விழுக்காடு, தைத்தவர்களில் 0.6 விழுக்காடு. அறுவை சிகிச்சையில் நரம்புக் காயம், கிருமித்தொற்று ஆகிய இடர்கள் உண்டு. ஆகவே வயதையும் விளையாட்டையும் எண்ணி மருத்துவரோடு முடிவெடுப்பதே முறை. எதைத் தேர்ந்தாலும் முதல் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. நாருக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது நாரை நலிவித்து அறுபடச் செய்யக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளும் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருந்து எழுதும் மருத்துவரிடம் ஓட்டப் பயிற்சி செய்வதைச் சொல்லிவிட வேண்டும்.

வலி நின்றதை மட்டும் வைத்துப் பந்தயத்துக்குத் திரும்புவது பிழை. காயமுற்ற காலால் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தும் திறன் மற்றக் காலுக்கு இணையாகி, பின்னர் துள்ளலும் மெல்லோட்டமும் மறுநாள் விறைப்பைத் தராத நிலை வந்த பிறகே வேக ஓட்டம் தொடங்க வேண்டும். தசைநாண் தன்னைக் கட்டிக்கொள்ள மாதங்கள் எடுக்கும். ஒரு பருவப் போட்டிகளை இழந்தாலும் அந்த மாதங்களை அதற்குக் கொடுக்கும் வீரருக்கே பல ஆண்டு ஓட்டம் வாய்க்கும்.