சுரங்கத்தை விட்டு ரோட்டுக்கு வந்த ரயில்

நாவலப்பிட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

ஸ்காபரோவில் இருக்கும் உன் பெரியம்மா மகன் அனுப்பிய படம் கிடைத்தது. தண்டவாளம் நிலத்துக்குள்ளிருந்து ஏறி வந்து, அகன்ற வீதியின் நடுவே நீளுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்வளவு தூரம் தோண்டியவர்கள் மீதியையும் தோண்டியிருக்கக் கூடாதா? எதற்கு ரோட்டுக்கு வந்து சிக்னலில் நிற்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். பேராதனையில் பொறியியல் படிக்கப் போகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். முப்பது வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கோச்சியில் சரசவி உயன வரை போகும் நேரத்தில் வாசி.

அந்தப் பாதை டொரொண்டோவின் எக்ளிண்டன் இலகு ரயில். நீளம் 19 கிலோமீட்டர், நிலையங்கள் 25. மேற்கே மவுண்ட் டென்னிஸ் பக்கமிருந்து லெயார்ட் வரை பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே. அதற்குக் கிழக்கே, நம் ஆட்கள் நிறைய வாழும் ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தை நோக்கி, பெரும்பாலும் ரோட்டின் நடுவே. மேற்கில் எக்ளிண்டன் வீதி ஒடுக்கமானது. கடைகள் நடைபாதையை ஒட்டியே நிற்கின்றன. கிழக்கில் அதே வீதி ஆறு தடங்களாக விரிகிறது. இடம் இருக்கும்போது எதற்குத் தோண்ட வேண்டும்? இன்னொன்றையும் கவனி. கிழக்கே வந்த பிறகும் டொன் மில்ஸ் சந்தியில் பாதை மறுபடி நிலத்துக்குள் இறங்குகிறது. அந்தச் சந்தி மிகப் பெரியது. மேலே நின்றால் ரயிலும் நிற்கும், வாகனங்களும் நிற்கும். ஒரே பாதையில் இடத்துக்கு இடம் வேறு வேறு தீர்ப்பு கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் இலகு ரயில் என்றால் என்ன என்று பிடித்துக்கொள். நம்முடைய கோச்சிப் பாதை 1874 இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. இங்கிருந்து அட்டனுக்கு ஏற இன்னும் பத்து வருடம் பிடித்தது. இங்குருஓயா, கல்பொட, வட்டவளை, ரொசல்ல என்று அது வளைந்து வளைந்து போவதற்குக் காரணம், பாரமான வண்டி செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பாது என்பதுதான். 44 அடி போனால் ஒரு அடி ஏறலாம், அதற்கு மேல் இல்லை. வளைவின் ஆரை 5 செயினுக்குக் குறையக்கூடாது. அதாவது ஏறத்தாழ 100 மீட்டர். இலகு ரயில் அப்படியல்ல. 100 மீட்டருக்கு ஆறேழு மீட்டர் ஏறும். 25 மீட்டர் ஆரையில் தெருமுனை திரும்பும். நினைத்த இடத்தில் நிற்கக்கூடிய பிரேக் உண்டு. தெருவுக்காகவே பிறந்த வண்டி அது. அதை முழுக்க நிலத்துக்குள் அனுப்பினால் மெட்ரோவின் விலையைக் கொடுத்துவிட்டு மெட்ரோவைவிடச் சிறிய வண்டியை வாங்கியதாகும்.

"கீழே போனால் வேகம்" என்பாய். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கிலோமீட்டர் பயணம். ரோட்டில் தனித்தடத்தில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 15 நிமிடம். சுரங்கத்தில் 30 என்றால் 10 நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம். ஆனால் கீழே மேடைக்குப் போகப் படி, எஸ்கலேட்டர், நீண்ட நடை. ஏறி வெளியே வரவும் அதே. இரண்டு முனையிலும் இரண்டிரண்டு நிமிடம் வைத்தால் நாலு நிமிடம் போய்விட்டது. சுரங்க நிலையங்களுக்குச் செலவு கூட என்பதால் அவற்றைத் தூரத் தூரத்தான் கட்டுவார்கள். அப்போது வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்கும் தூரமும் கூடும். முழங்கால் வலிக்கும் உன் அம்மம்மாவைக் கேட்டால், வாசலுக்கு முன்னால் 30 சென்டிமீட்டர் உயர மேடையில் ஏறுவதுதான் வேகம் என்பார். பதினைந்து கிலோமீட்டர் போகிறவனுக்கு மட்டும் சுரங்கம் உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆகவே முதல் கேள்வி: யார், எவ்வளவு தூரம் போகிறார்கள்?

ரோட்டுப் பாதைக்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. ரயில் ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் இடைப்பட்ட நீளத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நிற்கும்போது குறுக்குத் தெருவை அடைத்துவிடும். 60 மீட்டர் வண்டியில் சுமார் 300 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு திசையில் மணிக்கு ஆறாயிரம் பேர். அதைவிட நெருக்கமாக விட்டால் சிக்னல் கெடுத்துவிடும். ஒன்று தாமதமாகும், பின்னால் வருவது அதை ஒட்டிக்கொள்ளும், பிறகு பத்து நிமிடம் ஒன்றும் வராது. இந்த ஆறாயிரத்தைக்கூட எட்ட வேண்டுமானால் சந்தியில் ரயிலுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். வண்டி நெருங்கும்போதே பச்சை விழ வேண்டும். நாற்பது கார்களுக்காக முன்னூறு பேரை நிறுத்தி வைத்தால், தண்டவாளம் போட்ட பணம் வீண்.

சுரங்கத்தின் செலவு தோண்டுவதில் மட்டும் இல்லை. மண்ணைக் குடையும் இயந்திரம் ஓரளவு சீராகப் போய்விடும். பணத்தைத் தின்பவை நிலையங்கள். ஒவ்வொன்றும் நிலத்துக்குள் புதைத்த பல மாடிக் கட்டடம். காற்றோட்டம், புகை வெளியேற்றம், தீ வந்தால் ஓடும் வழி, லிஃப்ட், இரவும் பகலும் நீர் இறைக்கும் பம்புகள். பொதுவாக, ரோட்டில் ஒரு பங்கு செலவானால் கீழே ஐந்தாறு பங்கு என்று சொல்வார்கள். எக்ளிண்டனில் வேலை 2011 இல் தொடங்கியது. 2020 இல் திறப்பதாகச் சொன்னார்கள். அதையும் தாண்டி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மிகச் சிக்கலான இடங்களில் ஒன்று, 1954 முதல் இயங்கும் யங் வழித்தட நிலையம். மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்க, அதைத் தாங்கிப் பிடித்தபடி அடியில் புது நிலையம் கட்ட வேண்டியிருந்தது.

பிறகு தண்ணீர். மலைநாட்டில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் வட்டவளையில் சரிவு நகர்ந்தபோது, அதை நிறுத்தச் செய்த முக்கிய வேலை நிலத்துக்குள் தேங்கிய நீரை வடிய விட்டதுதான். மழைக்காலத்தில் மண் கனத்து, வெட்டிய சரிவின் அடியில் நீர் கசியும்போது அந்தப் பக்கம் காலை வைக்கவே பயமாக இருக்கும். அட்டனைத் தாண்டியதும் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அது பாறையைக் குடைந்தது, மேலே வீடுகள் இல்லை. நகரத்துக்கு அடியில் கதை வேறு. 2019 ஆகஸ்ட் இறுதியில் கல்கத்தாவின் பவ்பசாரில் மெட்ரோவுக்குக் குடைந்த இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோதியது. நீரும் மணலும் உள்ளே பாய, மேலே நின்ற பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. அந்த மக்களின் முகம் எந்தச் செலவுப் பட்டியலிலும் வராது. சுரங்கம் கேட்கும் எவரும் அந்த வீதியையும் நினைக்க வேண்டும்.

அதிகம் பேர் யோசிக்காத இடம் ஒன்று உண்டு: ரயில் மேலே வரும் வாய். சுரங்கத் தரை ரோட்டுக்கு 7 மீட்டர் கீழே என்று வை. 100 க்கு 5 மீட்டர் ஏற்றத்தில் வெளியே வர 140 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். (நம் கோச்சியை அப்படி ஏற்ற நினைத்தால் ஏழை நாற்பத்து நாலால் பெருக்கு, 308 மீட்டர்.) அந்த நீளம் முழுக்க வீதியின் நடுவில் ஒரு குழி. யாரும் குறுக்கே கடக்க முடியாது. இந்தப் பக்கக் கடைக்கும் அந்தப் பக்கக் கடைக்கும் உறவு அறுந்துவிடும். ஆகவே இறங்கி இறங்கி ஏறும் பாதை நல்லதல்ல. இறங்கினால் இறங்கியதற்குப் பயன் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர். அங்கே நிலத்தடி மெட்ரோவா, தெரு ட்ராமா என்பதே 1989 மாநகரத் தேர்தலின் பெரிய விவாதம். கத்ரீன் த்ரொட்மன் ட்ராம் என்று சொல்லி வென்றார். 1994 நவம்பரில் முதல் பாதை திறந்தது. நகரின் நடுச் சதுக்கத்தில் கார்களை விலக்கிவிட்டு ட்ராமுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரிய ரயில் நிலையத்துக்கு அடியில் மட்டும் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் சுரங்கம், ஏனென்றால் அங்கே வேறு வழியில்லை. தேவையான இடத்தில் மட்டும் தோண்டினார்கள், மற்ற இடங்களில் ரோட்டைப் பங்கிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான், மருமகளே. நிலத்துக்குக் கீழே போவது பல ஊர்களில் பொறியியல் முடிவே அல்ல. ரோட்டில் ஒரு தடத்தைக் காரிடமிருந்து வாங்கும் துணிவு இல்லாதபோது எடுக்கும் முடிவு. டொரொண்டோவில் 2010 இல் மேயரான ரொப் ஃபோர்ட், எக்ளிண்டன் முழுவதையும் கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். கார்களின் இடத்தை ரயில் எடுக்கக்கூடாது என்பதே அவர் வாதம். 2012 பெப்ரவரியில் மாநகர சபை 25க்கு 18 என்ற வாக்கில் கிழக்குப் பகுதியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதே ஸ்காபரோவில் வேறொரு பாதைக்கு நேர்மாறாக நடந்தது. 1985 முதல் ஓடிய பழைய ரயிலுக்குப் பதிலாக ஏழு நிறுத்தங்களோடு இலகு ரயில் திட்டம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சுரங்க ரயில்தான் மரியாதை என்று முடிவெடுத்தார்கள். இப்போது கட்டுவதில் மூன்றே நிலையங்கள். பழைய ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நிரந்தரமாக நின்றுவிட்டது. சுரங்கம் முடியும்வரை மக்களுக்கு பஸ்தான். இடையில் கைவிடப்பட்ட நிறுத்தங்களுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அது முடிந்த பிறகும் பஸ்தான். இதை நான் தவறான முடிவு என்றே சொல்வேன்.

நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பில் 1899 இல் ட்ராம் ஓடத் தொடங்கி 1960 வரை ஓடியது. என் தகப்பனார் புறக்கோட்டையில் அதில் ஏறியதைச் சொல்லியிருக்கிறார். பிறகு வந்தது இலகு ரயில் திட்டம்: கோட்டையிலிருந்து பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள், ஜப்பானியக் கடன். அது கீழேயும் இல்லை, ரோட்டிலும் இல்லை, தூண்களின் மேல். அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்தையும் வெள்ளத்தையும் பார்த்தால் தோண்டாமல் விட்டது சரி. 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று திட்டமே நிறுத்தப்பட்டது. கொஞ்ச தூரமாவது தரையில் ஓடியிருந்தால் செலவு எவ்வளவு இறங்கியிருக்கும் என்ற விவாதம் அன்று போதிய அளவு நடக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கண்டிக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பேராதனைக்கும் கண்டிக்கும் இடையில் தரையிலேயே தண்டவாளம் கிடக்கிறது. இடம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. அதில் சிறிய வண்டிகளை அடிக்கடி விடலாம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் கடவையில் கேட் விழும்; பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டால் கேட் அடிக்கடி மூடியே இருக்கும். அங்கேதான் செலவழிக்க வேண்டும்: ரயிலைப் புதைக்காமல், நெரிசலான ஓரிரு கடவைகளில் ரோட்டைக் கீழேயோ மேலேயோ கொண்டுபோக வேண்டும். தலதா மாளிகையைச் சுற்றி, வாவிக்கரையில், யாரும் சுரங்கம் என்று பேசினால் நான் முதலில் எதிர்ப்பேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை செய். அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட்டாளி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போ. பேராதனை வீதியில் நாலு இடத்திலும், வில்லியம் கொபல்லாவ மாவத்தையில் நாலு இடத்திலும், கடை வாசலிலிருந்து எதிர்ப்பக்கக் கடை வாசல் வரை அளந்து எழுது. இரட்டைத் தண்டவாளத்துக்கு 7 மீட்டர் வேண்டும், நிறுத்தம் உள்ள இடத்தில் இன்னும் 3 மீட்டர், நடப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் நடைபாதை. அதைக் கழித்து மிஞ்சுவதை எனக்கு அனுப்பு. வாகனம் வரும், கவனம்.

அன்புடன்,
உன் மாமா