அம்மாயி வீடு எங்கே என்று கேட்டால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியோடு பதுளையில் கோச்சி ஏறிய பேரன் அங்கே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டான் என்று நீ போனில் சொன்ன பிறகுதான் அம்மா ராச்சோற்றுக்கு அடுப்பு மூட்டினாள். போனில் பேசித் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அவன் இங்கே வந்த அன்று இரவு, அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், "தாத்தா, அம்மாயி வீடு லயத்துல இருக்குனு ஸ்கூல்ல சொல்லக் கூடாதாம். பண்டாரவளையில பெரிய வீடுன்னு சொல்லணுமாம். அம்மா சொன்னாங்க" என்றான். உன் அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டி முடித்த ரொட்டியையே திரும்பவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, மகள். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நீ எத்தனை இரவு சாப்பிடாமல் படுத்தாய் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல் பிள்ளைமேல் விழக் கூடாது என்று நினைக்கிறாய். ஆனால் என்றைக்காவது அது விழும். தன் ஆட்கள் யார், என்ன செய்தவர்கள் என்று தெரியாத பிள்ளைக்கு அன்றைக்குத் தலைகுனிவதைத் தவிர வேறு வழி இருக்காது. தெரிந்த பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும். அதனால் இந்த ஒரு வாரம் அவனுக்கு நாங்கள் காட்டியதை உனக்கும் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அம்மா அவனை லயத்துக் கோடியில் இருக்கும் தேயிலைச் செடிகளிடம் கூட்டிப்போனாள். முதலில் அவன் கிளையோடு பிடித்து இழுத்தான். அம்மா அவன் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, "இழுக்காத சாமி, ஒடி. ரெண்டு இலை, ஒரு மொட்டு" என்று காட்டினாள். நாலாவது தடவை 'டக்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அரைமணி நேரம் பறித்தும் உள்ளங்கை நிறையவில்லை. "அம்மாயி ஒரு நாளைக்கு எவ்வளவு பறிப்பீங்க?" என்றான். பதினெட்டுக் கிலோ என்றாள். நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை என்று நான் சொன்னேன். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, "அப்ப ஒரு நாள் முழுக்கப் பறிச்சா நாலு கிலோதானா!" என்றான். அதற்குப் பிறகு அம்மாயியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறை படிந்த, வெடித்த அந்த விரல்களை நீ சிறுபிள்ளையில் பார்த்ததோடு சரி என்று நினைக்கிறேன்.

புலமைப்பரிசிலுக்கு என்று நீ அனுப்பிய வினாத்தாள் கட்டு பிரிக்காமலே அவனோடு திரும்பி வந்திருக்கும். அவன் நாலாம் ஆண்டுதானே, மகள். பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

ஆகஸ்டில் இங்கே வீசுவது கச்சான் காற்று என்று சொன்னேன். கச்சான் என்றால் அவனுக்குக் கடலைதான் தெரியும். காற்றில் வறுத்த வாசம் வருமா என்று கேட்டான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட, இந்தப் பக்கம் இறங்கி வருவது காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனை ஏறுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை நான் தேயிலை ஸ்டோரில் ராத்தூக்கம் இல்லாமல் வேலை பார்த்தது அதற்காகத்தான். ஸ்டோர்ப் பக்கம் ரோதைமுனியைக் கும்பிட வைத்தேன். ரோதை எங்கே என்று தேடினான். முன்காலத்தில் தண்ணீரில் சுற்றிய சக்கரத்துக்குக் காவலாக நம் ஆட்கள் வைத்த சாமி. சக்கரம் போனாலும் சாமி இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை தெமோதரைக்குக் கோச்சியில் போனோம். ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனில் மேலே போய் நிற்கும் அல்லவா? கீழே எட்டிப் பார்த்து, "நாம இதுக்கு அடியிலதானே வந்தோம்!" என்று மூன்று தடவை சொன்னான். இந்தப் பாதை பதுளையை எட்டியது 1924இல் என்றும், அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்தே மலைக்கு வந்தார்கள் என்றும் அங்கேதான் சொன்னேன்.

திரும்பி வந்து பதுளை ஸ்டேஷனில் இறங்கியபோது, உனக்கே முழுசாகச் சொல்லாத ஒன்றையும் அவனிடம் சொன்னேன். 1948இல் சட்டம் போட்டு நம்மை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். உன் பெரியப்பா குடும்பம் 1973இல் இதே மேடையில்தான் கோச்சி ஏறியது. எனக்குப் பதினாறு வயது. ஏறியவர்களும் அழ, நின்றவர்களும் அழ, அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேராகிவிட்டது. அண்ணன் கூடலூருக்குப் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார். நான் அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. பேரன் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரும்வரை என் கையை விடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நீ நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ, வேறு மாதிரி சொல்வார்கள்.

டிசம்பர் லீவுக்கு மட்டும் அவனை அனுப்பாதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மலைகளை நம்ப முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது உனக்கு நினைவிருக்கும். பிள்ளையை அனுப்ப ஆகஸ்டுதான் சரி. அடுத்த ஆகஸ்டில் பரீட்சை இருந்தால், அது முடிந்த மறுநாளே அனுப்பு. பழைய சப்பாத்து ஒரு சோடி போதும். டேப்லெட் வேண்டாம், இந்தத் தடவை மூன்றாம் நாளிலிருந்து அவனே அதைத் தேடவில்லை. பீலித் தண்ணியில் குளித்தால் சளி பிடிக்கும் என்று பயப்படாதே. நீயும் அதில் குளித்து வளர்ந்தவள்தான்.

போன வருஷம் நீங்கள் மூவரும் வந்து லிப்டன் சீட்டைப் பார்த்து, எல்லயில் ஹோட்டலில் தங்கி, இங்கே ஒரு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டுப் போனீர்கள். அம்மா அன்று எல்லாருக்கும் பாய் விரித்து வைத்திருந்தாள். அடுத்த தடவை பிள்ளையோடு நீயும் வா. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராதான். நீ குப்பிலாம்புக்கு முன்னால் உட்கார்ந்து படித்த மூலை அப்படியே இருக்கிறது. அதை அவனுக்குக் காட்ட வேண்டியவள் நீதான்.

போகும் அன்று அவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என் கையால் முகவரி எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தின் பேர், லயத்தின் நம்பர், காம்பரா நம்பர், பசறை, பதுளை என்று முழுசாக எழுதியிருக்கிறேன். அம்மாயி வீடு எங்கே என்று யார் கேட்டாலும் அதை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடாதே, மகள்.

அன்புடன்,
அப்பா