ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி கண்டால் நாய்க்குப் போடாதீர்கள்



தீபாவளிக்கும் முனியாண்டி கோயில் வேண்டுதலுக்கும் ஆடு வெட்டும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஈப்போவில் குடியேறிய பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள்.

ஆட்டை அறுத்துப் பிரிக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ குடலைச் சுற்றிய கொழுப்புச் சவ்விலோ தண்ணீர் நிறைந்த பை ஒன்று தென்படலாம். அதை வெட்டி, பக்கத்தில் காத்திருக்கும் நாயிடம் வீசிவிடுவது பலருக்குப் பழக்கம். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

அது என்ன கட்டி?

அது நாடாப்புழுவின் இளம் பருவம். வளர்ந்த புழு நாயின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழுகின்றன. புல்லை மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் அவை சென்று நீர்க்கட்டியாக வளர்கின்றன. அந்தக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால், சில வாரங்களில் அதன் குடலில் மீண்டும் புழு உண்டாகும்.

இந்தக் கட்டிகளில் இரண்டு வகை முக்கியமானவை. கொழுப்புச் சவ்வில் தொங்கும் மெல்லிய பை பொதுவாக மனிதரைத் தாக்குவதில்லை. ஈரலிலும் நுரையீரலிலும் பதிந்து வளரும் 'ஹைடாட்டிட்' கட்டியைத் தரும் புழு மனிதரையும் தாக்கும். வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகவே எல்லாக் கட்டியையும் ஒரே மாதிரி அப்புறப்படுத்துங்கள்.

கறி சாப்பிட்டால் நோய் வருமா?

வராது. ஆட்டிலுள்ள கட்டியிலிருந்து ஹைடாட்டிட் நோய் நமக்கு நேராகத் தொற்றுவதில்லை. நாயின் மலத்திலுள்ள முட்டை நம் வாய்க்குள் போனால்தான் தொற்றும். நாயின் உரோமம், மண், கழுவாத கீரை, அழுக்குக் கை ஆகியவையே அதன் வழி. நாயோடு விளையாடும் பேரப்பிள்ளைகளை இதனால்தான் கவனிக்க வேண்டும்.

மலேசியாவில் இந்நோய் மனிதரிடம் அரிது. ஆனால் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இது காணப்படுகிறது. ஊருக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

நோயின் அறிகுறிகள்

கட்டி மெதுவாக வளரும். பல ஆண்டுகள் எதுவும் தெரியாது. பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வலி, வயிற்று வீக்கம், குமட்டல் வரலாம். நுரையீரலில் இருந்தால் இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உண்டாகும். "வாயுதான்" என்று எண்ணி வயிற்றை அழுத்தி உருவிவிடாதீர்கள். கட்டி உள்ளே உடைந்தால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மருந்தும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கட்டியைக் குத்தி உடைக்காதீர்கள். உள்ளிருக்கும் நீரில் எண்ணற்ற புழுத்தலைகள் உண்டு. அது தரையில் சிந்தினால் நாய் நக்கும்.
• கட்டியுள்ள உறுப்பை முழுமையாக எரியுங்கள். அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் வையுங்கள். ஆற்றிலோ புதரிலோ எறியாதீர்கள்.
• ஆடு அறுக்கும் இடத்தில் நாயை அண்டவிடாதீர்கள். பச்சை ஈரல், நுரையீரல், குடல் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.
• நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 4 முறையாவது கொடுக்கச் சொல்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
• நாயைத் தொட்ட பின்பும் தோட்ட வேலைக்குப் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையை ஓடும் நீரில் அலசுங்கள்.
• கட்டிகள் அதிகம் கண்டால், அருகிலுள்ள கால்நடைச் சேவை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

இது நம்மால் முடியுமா?

முடியும். ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இந்நோய் மிக அதிகமாக இருந்தது. 1860களில் நோய் பரவும் விதத்தை விளக்கும் சிறு புத்தகம் அங்குள்ள வீடுகளுக்கு வழங்கப்பட்டது. நாய்களுக்குக் கழிவு உறுப்புகளைப் போடும் வழக்கத்தை மக்கள் கைவிட்டார்கள். நோய் அந்நாட்டை விட்டே போனது.

அடுத்த முறை கிடா வெட்டும்போது, இதை அறியாத இளையவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். குழி முதலில், கத்தி பிறகு.